பேரப்பிள்ளைகளும் பூச்செடிகளும் வயதானவர்களுக்கு உண்மையிலேயே சந்தோசம் தருமா?

தரும். ஆனால் நாம் நினைத்த விதத்தில் தராது.

எனக்கு மட்டக்களப்பில் ஆரையம்பதிப் பக்கம். தோட்டம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. மணல் வளவு, கிணற்றடியைச் சுற்றிச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும். மார்கழி, தை மழை குடித்த செடிகள் பங்குனி, சித்திரையில் பூத்துத் தள்ளும். வைகாசி கழிந்து வறண்ட கச்சான் காற்று கிளம்பினால் எத்தனை வாளி ஊற்றினாலும் இலை சுருண்டுவிடும். பேரப்பிள்ளைகளும் சித்திரை வருடப்பிறப்பு லீவுக்குத்தான் கொழும்பிலிருந்து உதயதேவி ரயிலில் வந்து இறங்குவார்கள்.

இந்த முறை நிசாகந்தியில் ஒரேயொரு மொட்டு. சிங்களத்தில் கடுபுல் என்பார்கள். இரவில் விரிந்து விடியுமுன் துவண்டுவிடும் பூ. தொங்கும் மொட்டு கழுத்தை வளைத்து நிமிர்ந்தால் அன்றிரவு விரியப்போகிறது என்று சொல்லித் தொலைத்தேன். அதிலிருந்து ஏழு வயதுப் பேத்தி சோறுகூட ஒழுங்காகத் தின்னவில்லை.

நிமிர்ந்த அன்று கிணற்றடியில் பாய் போட்டோம். நுளம்புக் கடி சொல்லி மாளாது. சின்னவன் எட்டு மணிக்கே தூங்கிவிட்டான். ஒன்பது மணிக்கு நுனி பிளந்தது. "அம்மம்மா, அசையுது!" என்றாள். உண்மைதான், டோர்ச் வெளிச்சத்தில் இதழ் ஒவ்வொன்றாக விலகுவது கண்ணுக்கே தெரிந்தது. நடுவில் வெள்ளையாக நட்சத்திரம் போல ஒன்று இருக்கும். "பூவுக்குள்ள இன்னொரு பூ" என்றாள். எத்தனையோ வருடமாக வளர்க்கிறேன், எனக்கு அப்படித் தோன்றியதேயில்லை.

நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் பூவைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நன்றாக ஏசிவிட்டேன். அழுதுகொண்டே சொன்னாள்: "பிரிட்ஜில வச்சா தயிர் பழுதாகாதுதானே? பூவும் அப்படித்தான்." எருமைத்தயிர் முட்டிக்குப் பக்கத்தில், ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் போட்டு, அவளே மூடியையும் அழுத்தினாள்.

பிள்ளைகள் போய் மூன்று கிழமை ஆகிறது. போனில் என் முழங்கால் வலியை ஒருவரும் விசாரிப்பதில்லை, முதல் கேள்வியே "பூ இருக்கா?"தான்.

"இரிக்கு புள்ள" என்கிறேன். பொய்யில்லை. அவித்த வெங்காயம் போல, பழப்புளிப் போத்தலுக்குப் பின்னால் இருக்கிறது. மகள் வந்தால் எறிந்துவிடுவாள் என்று அங்கே தள்ளி வைத்திருக்கிறேன்.