நூறு என்பது எதை? வரிப் பகிர்வு குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி (நாமக்கல் மாவட்ட வாசகர்): மத்திய அரசு வசூலிக்கும் வரியில் 41 விழுக்காட்டை மாநிலங்களுக்குக் கொடுத்துவிடுவதாக டெல்லியில் சொல்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது என்று இங்கே சொல்கிறார்கள். யார் சொல்வது உண்மை?

பதில்: இரு தரப்பார் சொல்வதும் உண்மைதான்; எந்தத் தொகையை நூறு என்று வைத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. என்.கே. சிங் தலைமையிலான பதினைந்தாவது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்குப் பரிந்துரைத்த 41 விழுக்காடு, மத்திய அரசின் மொத்த வரி வசூலுக்கு உரியதன்று. மொத்த வசூலிலிருந்து செஸ் எனும் மேல்வரிகளையும், சர்சார்ஜ் எனும் கூடுதல் வரிகளையும், வசூல் செலவையும் கழித்தபின் மிஞ்சும் நிகரத் தொகைக்கே அது பொருந்தும். மொத்த வசூலை நூறு என்று வைத்துக்கொண்டால்தான் மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கு வருகிறது.

பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். 2022 மே மாதத்திலிருந்து சுமார் மூன்று ஆண்டுகள் லிட்டர் ஒன்றுக்கு மத்திய அரசு விதித்த வரி 19 ரூபாய் 90 காசு. இதில் அடிப்படைக் கலால் தீர்வை 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மீதியில் 11 ரூபாய் சிறப்புக் கூடுதல் தீர்வை, 5 ரூபாய் சாலை உள்கட்டமைப்பு செஸ், 2 ரூபாய் 50 காசு வேளாண் உள்கட்டமைப்பு செஸ். மாநிலங்களோடு பகிர வேண்டியது அந்த 1 ரூபாய் 40 காசை மட்டும் என்பதால், எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது 57 காசு. அதில் தமிழ்நாட்டின் பங்கு இரண்டரைக் காசுக்கும் குறைவு. அதே லிட்டரின் மீது மாநில அரசு தன் மதிப்புக் கூட்டு வரியைத் தனியே வசூலித்துக்கொள்கிறது என்பதையும், சாலை செஸ்ஸில் ஒரு பகுதி சாலைகளாகத் திரும்பி வருகிறது என்பதையும் சொல்லாமல் விட்டால் கணக்கு நேர்மையாக இராது. ஆனாலும் எந்தச் சாலை, எப்போது என்று முடிவு செய்யும் உரிமை டெல்லியிடமே தங்கிவிடுகிறது.

2000ஆம் ஆண்டு வரை வருமான வரியும் கலால் வரியும் மட்டுமே பகிரப்பட்டன. நிறுவன வரியும் சுங்க வரியும் முழுக்க மத்திய அரசுக்கே சென்றன. அந்த ஆண்டில் நிறைவேறிய 80ஆவது அரசமைப்புத் திருத்தம் மத்திய வரிகள் எல்லாவற்றையும் பகிர்வுக்குள் கொண்டுவந்தது, ஆனால் செஸ்ஸையும் சர்சார்ஜையும் வெளியே நிறுத்தியது. நிதி ஆணையங்கள் பங்கை 32 விழுக்காட்டிலிருந்து 42க்கு உயர்த்திய காலத்தை ஒட்டியே, பகிரத் தேவையில்லாத இந்த வரிகளின் அளவும் மொத்த வசூலில் ஏறத்தாழ இரட்டிப்பானது தற்செயல் என்று நம்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (கோவை வாசகர்): அதிக வரி கட்டும் தமிழ்நாட்டுக்குக் குறைவான பங்கு ஏன்?

பதில்: பகிர்வின் அளவுகோல் கட்டிய வரியன்று, தேவை. பதினைந்தாவது ஆணையம் மதிப்பெண்ணில் 45 விழுக்காட்டை, பணக்கார மாநிலங்களின் தனிநபர் வருமானத்திலிருந்து ஒரு மாநிலம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு ஒதுக்கியது. வரி வசூலிக்கும் முயற்சிக்குக் கிடைத்தது இரண்டரை விழுக்காடு. பதின்மூன்றாவது ஆணையத்தில் 4.969 ஆக இருந்த நம் பங்கு, பதினான்காவதில் 4.023 ஆகவும் பதினைந்தாவதில் 4.079 ஆகவும் அமைந்தது. ஏழை மாநிலங்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். 2011 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 6 விழுக்காடு கொண்ட மாநிலத்துக்கு 4 விழுக்காடு என்பது அந்த நியாயத்தைக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துவிட்டது என்பேன்.

கேள்வி (திருவாரூர் மாவட்ட வாசகர்): இந்தப் பணத்தில் எங்கள் ஊராட்சிக்கு வருவது எவ்வளவு? தெருவிளக்கு மாற்றக்கூடப் பணம் இல்லை என்கிறார்களே?

பதில்: ஊராட்சிக்கு மேலிருந்து வரும் பணத்துக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மத்திய நிதி ஆணைய மானியம். பதினைந்தாவது ஆணையம் நாட்டின் உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டுகளுக்கு 4,36,361 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. ஊரகப் பகுதிக்கான வழக்கமான மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்குமே செலவிட வேண்டும்; மீதி 40 விழுக்காட்டிலும் சம்பளமோ அலுவலகச் செலவோ கொடுக்கக் கூடாது என்பது அந்த ஆணையத்தின் நிபந்தனை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாவிட்டால் பணம் நின்றுவிடும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தும் 2019 டிசம்பர் வரை நம் ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடக்காததால் மத்திய மானியம் நிறுத்திவைக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும்.

இரண்டாவது, மாநில நிதி ஆணைய மானியம். 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆவது திருத்தங்களின்படி ஒவ்வொரு மாநிலமும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தன் நிதி ஆணையத்தை அமைக்க வேண்டும். தமிழ்நாடு அதைத் தவறாமல் செய்துவந்திருக்கிறது. பல மாநிலங்கள் செய்யவில்லை. நம் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்பது ஏற்கப்பட்ட அளவு. அந்தப் பத்தை மாவட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகிய அனைத்தும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். டெல்லியிடம் 41 போதாது, 50 வேண்டும் என்று கேட்கும் மாநிலம், தனக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒதுக்கும் அளவு இது.

அதுவும் ஊராட்சித் தலைவரின் விருப்பத்துக்கு விடப்பட்ட பணமன்று. மின் கட்டணத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியக் கட்டணத்துக்கும் என்றே தனி வங்கிக் கணக்கு ஒன்று உண்டு. ஊராட்சி அலுவலகங்களில் அதை இரண்டாம் எண் கணக்கு என்பார்கள். மோட்டார் ஓடிய மின்சாரத்துக்கும் வாரியத்தின் தண்ணீருக்கும் அதிலிருந்து கட்டிய பிறகு, பொதுச் செலவுக்கான முதலாம் எண் கணக்கில் இருப்பதை வைத்து டேங்க் ஆபரேட்டர் ஊதியம், பல்பு, குழாய் உடைப்பு ஆகியவற்றைச் சமாளிக்க வேண்டும். வீட்டு வரியும் தொழில் வரியும் ஒழுங்காக வசூலாகும் ஊரில் சமாளிக்கலாம். பயிர்த்தொழிலை நம்பிய சிறிய ஊராட்சியில் வீட்டு வரி முழுதும் வந்தாலும் பெரிய தொகையாக இராது.

உங்கள் ஊராட்சியின் வரவு செலவை மத்திய ஊராட்சி அமைச்சகத்தின் இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். அதைப் படியெடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குச் செல்லுங்கள். குடிநீருக்கென்று வந்த மானியத்தில் செலவாகாமல் மீந்திருப்பது எவ்வளவு, மின் கட்டண பாக்கி எவ்வளவு என்று இரண்டையும் கேட்டு, பதிலைத் தீர்மான நோட்டில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.