கேள்வி பதில்: நட்சத்திரக் கூட்டில் பூஞ்சணம்

கேள்வி: நத்தார் காகித நட்சத்திரம், மின்குமிழ்ச் சரம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பெட்டியில் இறுக்கி மூடித்தான் வைக்கிறோம். ஆனாலும் அடுத்த டிசம்பரில் பூஞ்சணம். ஏன்?
– வாசகி, நுவரெலியா

பதில்: இறுக்கி மூடியதுதான் வினை. ஈரத்தோடு மூடினால் ஈரமும் உள்ளேயே அடைபடும்; இராக்குளிரில் அது மூடியின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்துக் காகிதத்தில் சொட்டும். அவிழ்த்ததும் மூடாதீர்கள். பெப்ரவரி வெயிலில் பெட்டியைத் திறந்து காயவையுங்கள். சாயம் வெளிறாமல் இருக்க, நட்சத்திரத்தை நிழலில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். பிறகு 50 லீற்றர் பெட்டிக்குச் சுமார் 100 கிராம் சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) துணிப்பையில் போட்டு மூடலாம். அரிசி வேண்டாம், எலிக்குத்தான் விருந்து.

சரத்தை முழங்கையில் சுற்றினால் குமிழடியில் கம்பி முறியும். 30 சென்ரிமீற்றர் மட்டையின் இரு முனையிலும் வெட்டுப் போட்டு, பிளக்கை வெளியே விட்டுத் தளர்வாகச் சுற்றுங்கள்.

பற்றரிகளைக் கட்டாயம் கழற்றுங்கள். அல்கலைன் பற்றரி கசிந்து வெள்ளைத்தூள் படிந்திருந்தால், கையுறை போட்டு, தேசிக்காய்ச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாக உலர்த்துங்கள்.

பெட்டியை நிலத்தில் வைக்காமல் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தகரக் கூரைக்கு அடியில் மட்டும் வேண்டாம்.