அம்மாவின் ரிப்போர்ட்டில் ஏன் இத்தனை ‘ஆர்’?

கேள்வி: டாக்டர் ஐயா, என் அம்மாவுக்கு வயது 64, சர்க்கரை நோயும் உண்டு. நீர்க்கடுப்பு வரும்போதெல்லாம் தெருமுனை மருந்துக்கடையில் கலந்து தரும் மாத்திரைப் பொட்டலம்தான் கொடுப்போம். இம்முறை கேட்கவில்லை. சிறுநீர் கல்ச்சரில் ஈகோலை கிருமி இருக்கிறது. பல மருந்துகளுக்கு நேரே ‘ஆர்’ என்று போட்டிருக்கிறார்கள். அம்மாவின் உடம்புக்கு மருந்து பழகிவிட்டதா? கனடாவில் ஒரு பேராசிரியர் மண்ணிலிருந்து இதற்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறாராமே, அதை வரவழைக்க முடியுமா?
– வாசகி, யாங்கூன்

பதில்: அம்மாவின் உடம்புக்கு எதுவும் பழகவில்லை. மருந்துக்கு அசைந்து கொடுக்காதது கிருமிதான். ‘ஆர்’ என்றால் அந்த மருந்தைக் கிருமி தாங்கிக்கொள்கிறது என்று பொருள். அவற்றை எண்ணிக் கலங்காதீர்கள், ‘எஸ்’ எங்கே என்று பாருங்கள். அவை வேலை செய்யும் மருந்துகள். சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்கு நைட்ரோஃபுரண்டாயினோ ஃபாஸ்ஃபோமைசினோ பெரும்பாலும் இன்னும் கேட்கிறது. முதலாவதைக் கொடுக்குமுன் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்துவிட வேண்டும்.

அந்தப் பொட்டலத்தை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அட்டையிலிருந்து உரித்துப் போட்ட, பெயர் தெரியாத நாலைந்து மாத்திரைகள்: வலிக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று, சில சமயம் ஒரு ஸ்டீராய்டு, நடுவே ஆன்டிபயாடிக். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். ஆன்டிபயாடிக்கோ குடலில் குடியிருக்கும் ஈகோலைகளில் எளிதில் சாகிறவற்றைக் கொன்று, தாங்குகிறவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கும். அடுத்த முறை சிறுநீர்ப்பாதைக்கு ஏறி வருவது அவைதான்.

நீங்கள் கேள்விப்பட்டவர் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக உயிர்வேதியியல் பேராசிரியர் ஜெரார்ட் ரைட்டாக இருக்க வேண்டும். சில கிருமிகளிடம் என்டிஎம்-1 என்றொரு நொதி உண்டு. மெரோபெனம் போன்ற கடைசிக்கட்ட ஊசி மருந்தையே அது சிதைத்துவிடும். அது இயங்கத் துத்தநாகம் வேண்டும். நோவா ஸ்கோஷியா மண்ணிலிருந்து எடுத்த ஒரு பூஞ்சையின் சுரப்பு அந்தத் துத்தநாகத்தைப் பிடுங்கிக்கொள்கிறது என்று 2014இல் அவர் குழு காட்டியது. அதை மெரோபெனத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, தொற்று கண்ட எலிகள் பிழைத்தன. தனியாகக் கொடுத்தால் பலனில்லை. மனிதருக்கான மருந்தாக அது இன்னும் வரவில்லை; யாராவது விற்பதாகச் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கென்னவோ அவரது 2011 ஆய்வுதான் அதிகம் பிடிக்கும்: 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த கனடா மண்ணிலும் மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் இருந்தன. மருந்துக்கடை என்ற ஒன்றே இல்லாத காலம்!

அம்மாவின் ரிப்போர்ட்டில் மெரோபெனத்துக்கு நேரே ‘எஸ்’ இருந்தால், அந்தப் பூஞ்சை அவருக்குத் தேவையே இல்லை. ரிப்போர்ட்டோடு ஒரு மருத்துவரைப் பாருங்கள். அவர் சொன்ன நாள் வரை மருந்தைக் கொடுங்கள். குளிர்காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி, பேச்சில் தடுமாற்றம் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எரிச்சலும் காய்ச்சலும் நின்றுவிட்டால், கிருமி போய்விட்டதா என்று பார்க்க மறுபடி கல்ச்சர் எடுக்க வேண்டியதில்லை. தொந்தரவு தராத கிருமிக்கு இந்த வயதில் பொதுவாக மருந்து கொடுப்பதில்லை.