கேனன் 6டி கேமராவில் இஜி-எஸ் ஃபோகஸிங் ஸ்கிரீன் மாட்டியபின் ஃபோகஸ் முன்னால் விழுகிறதா?

ஸ்கிரீன் (வியூஃபைண்டர்ல நீங்க பாக்குற பிம்பம் விழுற தகடு) முழுசா மேலே ஏறி உட்காரலை. கையால ஃபோகஸ் பண்ணும்போது வியூஃபைண்டர்ல கண்ணு கூர்மை, படத்துல மூக்கு நுனி கூர்மைன்னு சொல்றீங்க. அப்போ ஸ்கிரீன் இருக்கவேண்டிய இடத்துக்குக் கீழே, மிரர் பக்கமா நிக்குது.

அனேகமா கம்பிச் சட்டத்துல ஒரு முனை பூட்டாம இருக்கும், இல்லேன்னா மேல் விளிம்புல தூசு. 0.1 மி.மீ. இறங்கினாலே போதும்: உங்க 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ்ல, ஒரு மீட்டர் தூரத்துல ஃபோகஸ் சுமார் மூன்றரை செ.மீ. தப்பும். மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் மாத்திப் பிரயோஜனமில்லை. அது ஆட்டோஃபோகஸுக்கு மட்டும்தான்.

1. ஸ்கிரீனை அதன் காதைப் பிடிச்சு எடுங்க. விரல் படக்கூடாது. தூசுக்குக் காத்தடிக்கிற புளோயர் மட்டும், ஆல்கஹால் வேண்டவே வேண்டாம்.
2. திரும்ப வெச்சு, சட்டம் 'கிளிக்'னு பூட்டுதான்னு பாருங்க.
3. டிரைபாட்ல வெச்சு, சாய்ச்ச செய்தித்தாள்ல ஒரு வரிக்கு வியூஃபைண்டர் வழியா ஃபோகஸ் பண்ணுங்க, லென்ஸ் முழுசா திறந்தபடி. அப்புறம் லைவ் வியூவை 10 மடங்கு பெரிசாக்கி, அதே வரி கூர்மையா இருக்கான்னு பாருங்க.

அதுக்கப்புறம் ஃபோகஸ் பின்னால விழுந்தா, ஸ்கிரீனுக்கு மேல இருக்கிற மெல்லிய ஷிம் (இடைவெளித் தகடு) ஒண்ணு நழுவியிருக்கலாம், மேஜைமேல தேடுங்க.

மெனுவில ஸ்கிரீன் வகையை இஜி-எஸ்னு மாத்துங்க, இல்லேன்னா எக்ஸ்போஷர் பிசகும். மொரீஷியஸ் கத்ர் போர்ன் மலைக்கோயில் காவடிக்கு 24-105 எஃப்/4 லென்ஸையும் எடுத்துட்டுப் போறதா இருந்தா, அதுல வியூஃபைண்டர் இருட்டாத்தான் தெரியும். இந்த ஸ்கிரீன் எஃப்/2.8-க்கும் அதைவிட வேகமான லென்ஸ்களுக்கும்னு செஞ்சது.