பொதுமக்கள் சேர்ந்து வரையும் இணைய வரைபடம் அரசின் முடிவுகளை மாற்றுமா?

மாற்றும். 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையே பாருங்கள். அதில் யாரும் வரையலாம், திருத்தலாம், காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். 2010 ஜனவரியில் ஹைட்டியை நிலநடுக்கம் குலைத்தபோது, பல நாட்டுத் தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தலைநகரைச் சந்து சந்தாக வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதை வைத்து வழி கண்டுபிடித்தன.

அது அவசர உதவி. ஆட்சிமுறை என்று கேட்டால், தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரைத்தான் சொல்வேன். மழை வந்தால் வெள்ளம் புகும் ஊர் அது. திட்டமிடாமல் வளர்ந்த குடியிருப்புகள் ஏராளம். 2015-இல் அங்கே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையும் ‘ரமணி ஹுரியா’ என்ற திட்டம் தொடங்கியது. சுவாஹிலியில் ‘திறந்த வரைபடம்’ என்று பொருள். பல்கலைக்கழக மாணவர்களும் அந்தந்தப் பகுதி மக்களும் தெருத்தெருவாக நடந்தார்கள். வடிகால் எங்கே ஓடுகிறது, எவ்வளவு அகலம் என்று குறித்தார்கள். ‘போன வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது?’ என்று வீட்டுக்காரர்களிடமே கேட்டுப் பதிந்தார்கள். அந்த வரைபடம் வட்டார அளவில் பேரிடருக்குத் திட்டமிட உதவியது. இப்படிப் பதிவான தெருவை ‘எங்கள் கணக்கில் இல்லை’ என்று எந்த அதிகாரியும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனக்கு இதுதான் பெரிய மாற்றமாகப் படுகிறது.

உரிமமும் முக்கியம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவுத்தளத்தை மேம்படுத்தி வெளியிடுபவர் அதே நிபந்தனையில் பகிர வேண்டும். பூட்டி வைத்துக்கொள்ள முடியாது.

ஒரு கவலையும் உண்டு: வடிகால் அடைத்துக்கொள்ளும், புது வீடு முளைக்கும். வரைந்தவர்கள் போன பிறகு திருத்த ஆள் வேண்டும். அதற்கு உள்ளாட்சி பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.