கிறிஸ்தவத் தலைவருக்குக் கற்றுக்கொள்ளும் மனம் ஏன் அவசியம்?

கற்றுக்கொள்ளும் மனம் என்பது, பொறுப்பில் இருப்பவர் பிறர் சொல்லும் திருத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டு, அது சரியென்றால் தன்னை மாற்றிக்கொள்ளத் தயாராக இருப்பது. நிறையப் படிப்பது வேறு. நன்றாகப் படித்துவிட்டு யார் சொல்லையும் கேட்காதவர்களும் உண்டு.

பொறுப்பு பெரிதாக ஆக, தவறைச் சுட்டிக்காட்டுகிறவர்கள் குறைந்துபோகிறார்கள். சபையில் இது இன்னும் அதிகம். போதகரிடம் மாற்றுக்கருத்து சொன்னால் தேவனையே எதிர்த்ததாகிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். லாரியைப் பின்னால் எடுக்கும் ஓட்டுநர், எவ்வளவு அனுபவம் இருந்தாலும், பின்னால் நின்று குரல் கொடுப்பவரை நம்பித்தான் எடுக்கிறார். தலைவருக்கும் அந்தக் குரல் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஆதிசபைக் காலத்துப் போதகர் அப்பொல்லோ (வேதாகமத்தில் அப்போஸ்தலர் 18). வேதாகமங்களில் வல்லவர், பேச்சிலும் வல்லவர். ஆனால் இயேசுவுக்கு முன்னோடியாக வந்த யோவான், மனந்திரும்புதலுக்கு அடையாளமாகக் கொடுத்த ஸ்நானத்தை மாத்திரம் அறிந்திருந்தார். எபேசு பட்டணத்தில் அவர் பேசியதைக் கேட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும், கூடாரம் செய்து பிழைத்தவர்கள், அவரைச் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை இன்னும் தெளிவாக விளக்கினார்கள். யூதர்கள் கூடும் ஜெபஆலயத்தில் எல்லோர் முன்னும் மடக்கவில்லை. திருத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிறகு கிரேக்கப் பகுதியான அகாயாவில் அப்பொல்லோ விசுவாசிகளுக்கு மிகவும் உதவியாயிருந்தார். மோசேயும் மாமனார் எத்திரோவின் சொல்லைக் கேட்டுத்தான் நியாயம் விசாரிக்கும் பாரத்தைப் பகிர்ந்துகொடுத்தார் (யாத்திராகமம் 18).

இதை எல்லோருக்கும் தலையாட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, பெரோயா பட்டணத்தார் அப்போஸ்தலனாகிய பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்ததுபோல, தலைவரும் ஆலோசனையைச் சோதித்துப் பார்த்து, பொருந்தாததை மறுக்கலாம்.