சாயங்கால வாக்கிங்கில் உட்கார்ந்துவிடும் பக்

கேள்வி: எங்கள் பக் நாயை ஆபீஸ் முடிந்து வந்து ஐந்தரை மணிக்கு வாக்கிங் கூட்டிப் போவேன். கத்திரி வெயில் ஆரம்பித்ததிலிருந்து தெருமுனையிலேயே உட்கார்ந்துகொள்கிறது, இழுத்தாலும் வருவதில்லை. சோம்பேறித்தனமா?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: சோம்பேறித்தனம் இல்லைங்க, பெரும்பாலும் கால் சுடுகிறது. நாம் செருப்புப் போட்டிருப்பதால் ஐந்தரைக்கு வெயில் தணிந்துவிட்டதாக நினைக்கிறோம், ஆனால் பகலெல்லாம் காய்ந்த தார் ரோடு பொழுது சாய்ந்தும் லேசில் ஆறாது. புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதை இழுக்காதீர்கள்.

அதற்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் மட்டும் கொஞ்சம் கசியும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும், அதிலும் பக்குக்குச் சப்பை மூக்கு, சாதாரண நாளிலேயே மூச்சு விடப் பாடுபடும் ஜாதி. அதனால் கத்திரி முடியும்வரை நடையைக் காலை ஆறுக்குள் முடித்துவிடுங்கள். சாயங்காலம் வெளிக்குப் போக மட்டும், அதுவும் ரோட்டோர மண்ணிலோ புல்லிலோ ஐந்து நிமிடம் போதும். கழுத்துப் பட்டையை விட மார்பில் மாட்டும் ஹார்னஸ் நல்லது. ஒரு நாள் வாக்கிங் போகாவிட்டால் குடி முழுகிவிடாது.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், 104 தாண்டினால் ஆபத்து. தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்: இரைப்பு நிற்காமல், எச்சில் கெட்டியாக நூல்நூலாக ஒழுகி, ஈறு செக்கச்செவேலென்று மாறி, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேன் காற்றில் விடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி மூடிவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் மே மாதத்தில் எப்படிக் கொதிக்கும் என்று உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதனால் குளியலறையில் எப்போதும் ஒரு பக்கெட் நிரம்பி இருக்கட்டும்.

காலை நேரக் குளிர்ச்சியிலும் இப்படியே உட்கார்ந்தால் விஷயம் வேறு. எடை கூடியிருக்கலாம், மூச்சுக்குழலிலோ இதயத்திலோ கோளாறு இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.